கட்டும் கலமும்



உலகத்துப் பெருமொழிகள் சிலவற்றுக்குத் தமிழ் ஈந்த சொற்களுள் கட்டுமரம் என்பது ஒன்று. ஆங்கில அகராதியைப் புரட்டினாலும், பிரெஞ்சு அகராதியைப் புரட்டினாலும், அச்சொல் சற்றே உருத்திரிந்து அங்கே அமர்ந்திருக்கக் காணலாம். இப்பெருமையை மேடைகளிற் பலர் பேசிவிட்டனர். நான் அதனை மீண்டும் பேச வரவில்லை. அச்சொல்லின் முற்பாதியைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

நாவாய், வங்கம், தோணி, ஓடம், அம்பி, திமில், புணை என்று நீர்மேற் செல்லும் கலங்களுக்கு நம் முன்னோர் இட்ட பெயர்கள் பல. இவற்றுள் எதுவும் தன்னை எப்படிச் செய்தார்கள் என்பதை வெளிப்படையாகச் சொல்வதில்லை. கட்டுமரம் ஒன்றே தன் செய்முறையைத் தன் பெயரிலேயே சுமந்து திரிகிறது. கட்டினால் கலம், அவிழ்த்தால் வெறும் மரம். ஆக, அக்கலத்தின் உயிர் மரத்தில் இல்லை, கயிற்றில் இருக்கிறது. அந்தக் கயிற்றின் வரலாற்றையும், கலத்தையே ஒரு வண்டியின்மேல் ஏற்றிக் கட்டவேண்டி வந்த இக்காலத்தில் அது எங்கே வந்து நிற்கிறது என்பதையும் சற்றே பார்ப்போம்.

சென்னைக்கு வடக்கே, எண்ணூர் முகத்துவாரத்தைக் கடந்தால், ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் உப்பங்கழியுமாக நீண்டு கிடக்கும் மணல்திட்டில் காட்டுப்பள்ளி இருக்கிறது. மேலும் வடக்கே சென்றால் பழவேற்காட்டு ஏரி. நம் நாட்டு உவர்நீர் ஏரிகளுள் சிலிகைக்கு அடுத்தபடி பெரியது இதுவே. இன்று காட்டுப்பள்ளி என்றதும் பலருக்குத் துறைமுகமும், 2010-ல் தொடங்கிய கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமுமே நினைவுக்கு வரும். பொன்னேரி வட்டாரத்துப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய எனக்கோ, அப்பெயரைக் கேட்டதும், கரை மணலில் பிரித்துப் போட்டு வெயிலிற் காயவிட்ட மரங்கள்தாம் கண்முன் நிற்கின்றன.

ஆம், பிரித்துப் போட்ட மரங்கள். கடலிலிருந்து திரும்பிய கட்டுமரத்தைக் கரையேற்றியவுடன் மீனவர் செய்யும் முதற்காரியம், கட்டை அவிழ்ப்பது. அவிழ்த்த மரங்களை இருவர் இருவராகத் தோளில் தூக்கிச் சென்று மேட்டு மணலிற் பரப்பிவிடுவர். விடியலில் மீண்டும் கட்டுவர். புதிதாகப் பார்க்கிறவனுக்கு இது வீண் உழைப்பாகத் தோன்றும். காரணம் எளியது. கட்டுமரத்துக்குப் பயன்படுவது வாகை இனத்தைப் போன்ற இலேசான மரம். இலேசான மரம் நீரை எளிதில் உறிஞ்சும், உறிஞ்சினால் கனக்கும், கனத்தால் மிதப்புக் குறையும். ஆதலால் நாள்தோறும் உலர்த்தவேண்டும். கட்டியபடியே கிடந்தால் மரத்துக்கும் மரத்துக்கும் இடையே உள்ள பக்கங்கள் உலர்வதில்லை. மேலும், முழுக் கலத்தைத் தூக்க ஏழெட்டுப் பேர் வேண்டும். ஒற்றை மரத்தைத் தூக்க இருவர் போதும். தந்தையும் மகனும் மட்டுமே உள்ள குடும்பம்கூட ஒரு கலத்தை வைத்து ஆண்டது இந்த உபாயத்தினாலேதான்.

மூன்று மரம் கட்டுவதும் உண்டு, ஐந்து கட்டுவதும் உண்டு. தெற்கே நாகப்பட்டினக் கரையில் பறவைக் கோலா மீன் பிடிக்கச் செல்லும் கோலாமரத்துக்கு ஏழு மரங்கள். நடுமரம் சற்றுத் தாழ்ந்தும் ஓர மரங்கள் சற்று உயர்ந்தும் இருக்குமாறு செதுக்கி, முன்னும் பின்னும் குறுக்குக் கட்டை வைத்துக் கயிற்றால் வரிந்து கட்டுவர். ஆணி ஒன்று கிடையாது. இரும்பு என்பதே கிடையாது. சென்னை மாகாணத்து மீன்வளத் துறையின் இயக்குநராய் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் என்ற ஆங்கிலேயர் இந்தியப் படகுகளின் அமைப்பை ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்து 1920-ல் ஒரு நூல் வெளியிட்டார். கோப்புகளைப் பார்த்துக்கொண்டு மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்க வேண்டிய அதிகாரி ஒருவர், மணலில் குந்தி அமர்ந்து, கயிறு எத்தனை சுற்று சுற்றப்படுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு அவர்மீது தனி மதிப்பு உண்டாகிறது.

கட்டிய மரங்களைப் பற்றிய குறிப்பு நம் கரையில் மிகப் பழமையானது. கிரேக்க மொழியில் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட செங்கடற் பயணக் கையேடு, சோழமண்டலக் கரைத் துறைமுகங்களைச் சொல்லும் இடத்தில், ஒற்றை மரங்களைப் பிணைத்துச் செய்த 'சங்கரா' என்னும் பெரிய கலங்களைக் குறிப்பிடுகிறது. அவை நாம் அறிந்த கட்டுமரமே என்று துணிந்து சொல்லலாகாது. இரட்டைத் தோணிகளாகவும் இருக்கலாம். ஆயினும், பிணைத்துக் கட்டும் கலை அன்றே இக்கரையில் வேற்றுநாட்டு வணிகன் கண்ணிற் படும் அளவுக்கு வளர்ந்திருந்தது என்பதில் ஐயமில்லை.

பிறகு 1697-ல் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி, பாதி கடற்கொள்ளையரும் பாதி அறிவியலாளருமான ஒரு விசித்திர மனிதர், தம் உலகப் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தை ஆங்கில வாசகருக்கு அறிமுகம் செய்தார். அதற்குப்பின் அச்சொல் பட்ட பாடு வேடிக்கையானது. 1804-ல் நெப்போலியனின் படகுகளைப் பூலோன் துறையில் தகர்க்க ஆங்கிலேயர் ஏவிய வெடிமருந்துப் பெட்டிகளுக்கு அப்பெயர் சூட்டப்பட்டது. 1876-ல் அமெரிக்காவில் நதானியேல் ஹெரெஷாஃப் என்பவர் இரண்டு ஒடுங்கிய உடல்களைப் பாலமிட்டு இணைத்த பாய்ப்படகு ஒன்றைக் கட்டிப் பந்தயத்தில் ஓட்டியபின், இரட்டை உடற் படகுகளுக்கே அப்பெயர் நிலைத்துவிட்டது. அமைப்பைப் பார்த்தால் அவை பசிபிக் தீவினரின் இரட்டைத் தோணிகளுக்கே உறவு. பெயர் மட்டும் நம்முடையது. கட்டு என்ற சொல்லைக் கொண்டுபோய்க் கட்டே இல்லாத அலுமினியக் கப்பலுக்கு வைத்திருக்கிறார்கள். போகட்டும்.

இப்போது ஒரு கேள்வி. ஆணியும் இரும்பும் அறிந்த மக்கள், கொல்லர் உலை இல்லாத ஊரே இல்லாத நாட்டினர், ஏன் கயிற்றையே நம்பினர்? விடை கடற்கரையில் இருக்கிறது. 1639-ல் ஆங்கிலக் கம்பெனி சென்னையில் கால் வைத்தது முதல், 1881-ல் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் எழும்பும்வரை, இருநூற்று நாற்பது ஆண்டுக்காலம் சென்னைக்குத் துறைமுகமே இல்லை. (அச்சுவர்களையும் அதே ஆண்டு நவம்பரில் வீசிய புயல் சிதைத்துவிட்டது என்பது வேறு கதை.) அதற்கும் முன்பே, 1613-ல் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பிப் பழவேற்காட்டில் அமர்ந்த டச்சுக்காரருக்கும் இதே நிலைதான். கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். இடையே வரிசை வரிசையாக அலை உடையும். ஆணி அடித்து இறுக்கிய ஐரோப்பியப் படகு அந்த அலையில் தரை தட்டினால், பலகை பிளந்து நொறுங்கும். நம்மவரின் மசூலாப் படகோ, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, தையலின் உட்புறம் வைக்கோல் திணித்துச் செய்தது. தரையில் மோதும்போது அதன் உடல் முழுதும் சற்றே நெளியும், நெளிந்து மீளும். ஆளுநர்களும் நீதிபதிகளும், பட்டுக் குடை பிடித்த அவர்தம் மனைவியரும், ஆணியில்லாத அந்தப் படகில் அமர்ந்தே இந்நகருக்குள் வந்தனர். படகு கவிழ்ந்தால் கடலில் விழுந்தவரைத் தூக்கக் கட்டுமரக்காரர் உடன் செல்வர். எந்தப் படகும் இறங்கமுடியாத கொந்தளிப்பிலும், பனையோலையால் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களை நனையாமல் வைத்துக்கொண்டு, அலையை ஊடுருவிக் கப்பலுக்கு அஞ்சல் கொண்டுசென்றவர்களும் அவர்களே. அலை புரட்டினால் மரத்தைப் பற்றி மீண்டும் ஏறிக்கொள்வர். மரம் மூழ்காது, கட்டு அவிழாதவரை அவர்களுக்கும் சாவு இல்லை.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. கடலில் கட்டு என்பது இறுக்கம் மட்டும் அன்று. அது இளகவும் வேண்டும். ஆனால் அவிழக் கூடாது. இரண்டையும் ஒருங்கே செய்ய ஆணியால் இயலாது.

இந்த உண்மையை அறிவுலகம் ஒப்புக்கொள்ள வெகுகாலம் ஆயிற்று. 1947-ல் தோர் ஹெயர்டால் என்ற நார்வே நாட்டு அறிஞர், ஒன்பது பால்சா மரங்களைச் சணல் கயிற்றால் பிணைத்த கோன்டிக்கி என்ற தெப்பத்தில், ஐந்து துணைவருடன் பெரு நாட்டிலிருந்து பசிபிக் கடலுக்குள் புறப்பட்டார். மரங்கள் ஒன்றோடொன்று உராய்ந்து கயிறுகளை அறுத்துவிடும், சில நாட்களில் தெப்பம் சிதறும் என்று கடலறிந்த பெரியோர் எச்சரித்தனர். 101 நாட்கள் கழித்து அத்தெப்பம் பொலினீசியத் தீவுக்கூட்டத்துப் பவளப்பாறையில் போய் மோதியபோதும் மரங்கள் பிரியவில்லை. மரம் மென்மையானது, கயிறு மரத்தினுள் அமிழ்ந்து தனக்கென ஒரு பள்ளம் செய்துகொண்டு அதிலே பத்திரமாக இருந்துவிட்டது! காட்டுப்பள்ளிச் சிறுவன் ஒருவனைக் கேட்டிருந்தால், பழைய மரத்தில் கயிறு பதிந்த தழும்பைக் காட்டியே இதனைச் சொல்லியிருப்பான். பின்னர் 1980-81-ல், டிம் செவெரின் என்பவர் தென்னங்கயிற்றால் தைத்த சோஹார் என்னும் கப்பலில் ஓமானிலிருந்து சீனத்துக் கான்டன் நகர்வரை சென்று, தைத்த கலம் பெருங்கடலையும் தாங்கும் என்பதை மெய்ப்பித்தார்.

கடலில் இயங்கும் கலத்தின் கட்டைப் பார்த்தோம். இனி, கலமே சுமையாகித் தரையில் செல்லும்போது நேர்வதைப் பார்ப்போம். தரையில் கலத்தைச் செலுத்திய பெருஞ்செயல் என்றால் வரலாற்று மாணவர்க்கு 1453-ஆம் ஆண்டு நினைவுக்கு வரும். கான்ஸ்டான்டினோபிள் முற்றுகையில், சங்கிலியால் அடைக்கப்பட்ட துறைக்குள் நுழைய வழியின்றி, சுல்தான் இரண்டாம் முகம்மது தம் கப்பல்களைக் கொழுப்புத் தடவிய மரங்களின்மீது இழுத்து மலைமுதுகைக் கடத்தினார். ஆனால் நான் சொல்ல விரும்புவது படையும் பரிவாரமும் இல்லாத வேறொரு நிகழ்ச்சி.

1895-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், ஃபிரிட்யோஃப் நான்சென் என்ற நார்வே அறிஞரும் யால்மார் யோஹான்சென் என்ற துணைவரும், பனிக்கட்டியில் உறைந்து நின்ற ஃபிராம் என்னும் கப்பலைவிட்டு இறங்கி வடதுருவத்தை நோக்கி நடந்தனர். மூன்று சறுக்கு வண்டிகள், 28 நாய்கள், இரண்டு கயாக்குகள். கயாக்கு என்பது துருவப் பகுதியில் வாழும் இனூயிட் மக்களின் ஒடுங்கிய படகு. எலும்பும் ஒதுங்கிய மரமும் கொண்டு சட்டம் பிணைத்து, அதன்மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்தது. ஆக, அதுவும் கட்டுமரத்தின் தூரத்து உறவே. நான்சென் தம் கயாக்குகளுக்கு மூங்கிற் சட்டமும் பாய்த்துணியும் பயன்படுத்தினார். அவற்றை வண்டியின்மேல் வைத்துக் கட்டிக்கொண்டு, பனிமேடுகளைக் கடந்து சென்றனர். வண்டி கவிழும்போதெல்லாம் கூரிய பனிக்கட்டி கயாக்கின் துணியைக் கிழித்தது. திரும்பும் வழியில் கடலைக் கடக்கவேண்டிய வேளை வந்தபோது, இரண்டும் கிழிந்து கிடந்தன. தைத்துச் சீராக்க நாட்கள் பல செலவாயின. உணவோ நாளுக்கு நாள் குறைந்து வந்தது. நாய்களை ஒவ்வொன்றாகக் கொன்று மற்ற நாய்களுக்கு உணவாக்கி வந்த காலம் அது. வண்டியின்மேல் வைத்த கலத்தைக் காப்பது எத்தனை முதன்மையானது என்பதற்கு இதனினும் கசப்பான சான்று வேண்டியதில்லை.

மறு ஆண்டு, 1896 ஜூன் மாதத்தில், அதனினும் கொடிய ஒரு கணம் வந்தது. இருவரும் கயாக்குகள் இரண்டையும் பக்கம் பக்கமாகப் பிணைத்துப் பாய் விரித்து ஓட்டி வந்தனர். நம் மொழியிற் சொன்னால், கட்டுமரமாகக் கட்டிவிட்டனர்! பனிக்கரையில் ஒரு தோல்வாரால் கட்டிவைத்துவிட்டு, சுற்றுப்புறம் பார்க்க மேட்டில் ஏறினர். திரும்பிப் பார்த்தால், வார் விட்டுப்போய்க் கயாக்குகள் மிதந்து போகின்றன. உணவு, துப்பாக்கி, மாற்றுடை யாவும் அவற்றில். கரையில் நின்றவர்களிடம் ஒரு கத்திகூட இல்லை. நான்சென் மேலாடையைக் கழற்றிவிட்டு உறைபனி நீரில் குதித்தார். காற்று படகுகளைத் தள்ளிக்கொண்டே போனது. கைகால் மரத்து, இனி முடியாது என்ற நிலையில், குறுக்கே கிடந்த சறுக்குமட்டை ஒன்றைப் பற்றி மேலேறி, படகுகளை மீட்டார். சில நாட்களில் இருவரும் வேற்றுநாட்டு ஆய்வுக் குழு ஒன்றின் முகாமை அடைந்து உயிர்பிழைத்தனர். பிற்காலத்தில், முதல் உலகப் போருக்குப்பின், நாடிழந்த இலட்சக்கணக்கான அகதிகளுக்கு வாழ்வளித்து 1922-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர் இவரே. அந்தப் பணி முழுவதும் அன்று ஒரு தோல்வாரின் முனையில் ஊசலாடிற்று என்று எண்ணிப் பாருங்கள்.

நம் கரைக்குத் திரும்புவோம். தோளிற் சுமந்த காலத்தில் கட்டுமரத்தை வண்டியில் ஏற்றும் தேவை பெரிதும் எழவில்லை. அது தானே மரம் மரமாகப் பிரிந்துகொள்ளும். 1980-களில் இழைக்கண்ணாடிப் படகுகள் நம் கரையிற் பரவத் தொடங்கின. 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை மரங்களை வாரிச் சென்றபின், நிவாரணமாக வந்தவையும் பெரும்பாலும் அவ்வகைப் படகுகளே. கட்டுமரம் கரையோரங்களில் அருகிப்போயிற்று. இதற்காகப் புலம்புகிறவர்களோடு நான் சேரமாட்டேன். விரைவும் கொள்ளளவும் கொண்ட கலத்தை மீனவர் விரும்பியது இயல்பே. நனைந்த மரத்தைத் தோளில் தூக்கும் வலியை அறியாதவர்க்கே அப்புலம்பல் எளிது. ஆனால் இப்புதிய கலம் பிரியாது. முப்பதடி நீள உடலை முழுதாகவே ஏற்றவேண்டும், முழுதாகவே கட்டவேண்டும்.

அந்தத் தேவை எப்போது எழும் என்று ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரைபுரண்டு சென்னையின் தெருக்களில் வெள்ளம் மாடியைத் தொட்டபோது, கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவர் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு நகருக்குள் வந்தனர். 2018 ஆகஸ்டில் கேரளம் முழுதும் வெள்ளத்தில் ஆழ்ந்தபோது, அதுவே பேரளவில் நிகழ்ந்தது. கொல்லம் கரையின் நீண்டகரை முதலிய துறைகளிலிருந்தும் திருவனந்தபுரத்துக் கரைகளிலிருந்தும் இரவோடிரவாக லாரிகள் படகுகளைச் சுமந்துகொண்டு பத்தனம்திட்டைக்கும் செங்கன்னூருக்கும் மலையடிவாரங்களை நோக்கி ஏறின. அறுநூற்றுக்கும் மேற்பட்ட படகுகள், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மீனவர், அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் மீட்பு என்று அம்மாநில அரசு கணக்கிட்டது. அலையே காணாத ஊர்களின் தென்னந்தோப்புகளுக்கிடையே கடற்படகுகள் ஓடின. மதிற்சுவரிலும் வாயிற்கம்பியிலும் மோதிப் பல படகுகள் உடைந்தன.

இதில் வரலாற்று மாணவன் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அந்த லாரிகள் கலத்தைச் சுமக்கச் செய்யப்பட்டவை அல்ல. மணலும் செங்கல்லும் சுமப்பவை. படகின் முன்பாதி ஓட்டுநர் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அல்லது பின்பாதி வெளியே தொங்கும். மழை, இருள், வளைந்த மலைச்சாலை. அவற்றை விழாமற் கொண்டுசேர்த்தது நடுச்சாமத்தில் கரையில் நின்று கயிறு வரிந்த கைகள். பரிசளிப்பு விழாக்களில் துடுப்புப் பிடித்தவரைப் பாராட்டினோம். முடிச்சுப் போட்டவரை யார் கண்டார்?

அந்த முடிச்சு செய்யவேண்டிய வேலை, கடலிற் செய்யும் வேலைக்கு மாறானது. இங்கே இளகினால் கேடு. வண்டியின் வேகம் இரட்டித்தால் எதிர்க்காற்றின் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 40 கிலோமீட்டரில் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் ஏறத்தாழ ஏழரைக் கிலோ எடைக்கு ஈடாக அழுத்தும் காற்று, 80 கிலோமீட்டரில் முப்பது கிலோவாக அழுத்தும். கலத்தின் முனையோ காற்றுக்கு அடியிற் புகுந்து மேலே தூக்க வாய்ப்பான வடிவம் உடையது. இப்போது கோவளம், முட்டுக்காடு பக்கங்களில் இளைஞர் சிலர் வார்ப்புப் பிளாஸ்டிக்கினால் ஆன கயாக்கைக் காரின் கூரைமேல் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு வருவதைப் பார்க்கிறேன். குறுக்கே இரண்டு பட்டைகளை மட்டும் வரிந்துவிட்டு அத்துடன் விட்டுவிடுகிறவர் உண்டு. குறுக்குக் கட்டு கலத்தை மேலெழாமலும் பக்கம் சாயாமலும் பிடிக்கும். ஆனால் திடீரென்று தடையை மிதித்தால் கலம் முன்னோக்கிப் பாயத் துடிக்கும்; அதனைத் தடுக்கக் குறுக்குப் பட்டையிடம் இருப்பது உராய்வு ஒன்றே. எனவே முனையிலிருந்து வண்டியின் முன்புறக் கொக்கிக்கும், பின்னுனியிலிருந்து பின்புறக் கொக்கிக்கும் தனித்தனிக் கயிறு வேண்டும். லாரிமேல் முப்பதடிப் படகை ஏற்றும் மீனவர் இதனை யாரும் சொல்லாமலே செய்வர். அடியில் பழைய டயர்களையும் சாக்கு மூட்டைகளையும் இட்டு, முன்னும் பின்னும் முதலில் கட்டி, பிறகே குறுக்கே வரிவர்.

உராய்வைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன். இயற்பியல் மாணவர் சரிபார்த்துக்கொள்ளலாம். கம்பத்தில் சுற்றிய கயிற்றின் பிடி, சுற்றுக்குச் சுற்று கூட்டலாக அன்றிப் பெருக்கலாக வளரும் என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் என்ற கணித மேதை வகுத்துக் காட்டினார். உராய்வுக் கெழு 0.3 என்று கொண்டால், ஒரு சுற்றில் நம் கைவலிமை ஏறத்தாழ ஆறரை மடங்காகும்; இரண்டு சுற்றில் 43 மடங்கு; மூன்று சுற்றில் 280 மடங்குக்கு மேல். முனையை முடிச்சிடுமுன் கம்பத்தில் மூன்று சுற்றுச் சுற்றும் மீனவச் சிறுவன் ஆய்லரைப் படித்தவன் அல்லன். ஆனால் நான்காவது சுற்று வீண் என்பதை அவன் கை அறியும்.

கயிற்றின் குணமும் வேறு வேறு. தென்னங்கயிறு இலேசானது, உப்புநீரைத் தாங்கும், இழுத்தால் நீண்டு மீளும், கடலுக்கு ஏற்றது. நைலானும் நீளும், நனைந்தால் இன்னும் இளகும். ஆகையால் கூரைமேற் கட்டுவதற்கு, அதிகம் நீளாத பாலியெஸ்டர்ப் பட்டையே மேல்.

முடிச்சிலும் அப்படியே. என் இளமையில் ஒரு பள்ளியின் சாரணர் வகுப்பில், இரண்டு கயிறுகளை இணைக்க ரீஃப் முடிச்சைக் கற்பித்துக்கொண்டிருந்தார் ஆசிரியர் ஒருவர். ஏரிக்கரைக் குப்பத்துப் பையன் எழுந்து, "ஐயா, அது ஆட்டினா அவுந்துடுங்க" என்றான். உட்காரச் சொன்னார். பல ஆண்டுகள் கழித்து, கிளிஃபோர்டு ஆஷ்லி என்ற அமெரிக்கர் 1944-ல் வெளியிட்ட, 3,800-க்கும் மேற்பட்ட முடிச்சுகளை எண்ணிட்டு விளக்கும் பெருநூலைப் பார்க்க நேர்ந்தது. இரு கயிறுகளை இணைக்க ரீஃப் முடிச்சைப் போட்டதனால் இறந்தவர் தொகை, மற்ற முடிச்சுகள் எல்லாம் தவறியதால் இறந்தவர் தொகையைவிட மிகுதி என்று அவர் எழுதியிருக்கிறார். பையன் சொன்னதே சரி.

சென்ற ஆண்டு காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு படகைப் பழுதுபார்க்கக் கொண்டுசெல்ல லாரியில் ஏற்றினார்கள். ஏற்றியவர்களுள் என் பழைய மாணவன் ஒருவன் இருந்தான். இப்போது ஐம்பதை நெருங்குகிறவன். கட்டி முடித்தபின், படகின் முனையைப் பற்றி உலுக்கினான். படகு ஆடவில்லை, லாரியே ஆடிற்று. "இப்பத்தான் சரி, சார்" என்றான். படகும் வண்டியும் ஓருடலாய் ஆடவேண்டும் என்பது அவன் சோதனை. பின்னே நீட்டிக்கொண்டிருந்த நுனியில் ஒரு சிவப்புத் துணியை முடிந்தான். அரைக் கல் தொலைவு சென்றதும் லாரியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, ஒவ்வொரு கயிற்றையும் விரலால் சுண்டிப் பார்த்தான். முன்கயிறு ஒன்று சற்றே தளர்ந்திருந்தது; சாக்கு அமுங்கியதனால் என்றான். அதனை அவிழ்த்து மறுபடி கட்டிய பிறகே லாரி மீஞ்சூர்ச் சாலையில் ஏறியது.